எட்டும் எய்ட்டும் சொந்தக்காரர்களா?

இன்றைக்கு நாம் சின்னச் சின்னச் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கொரியத் தொடர் பார்க்கிற பிள்ளைகள் இந்த மாமாவிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாமா, அந்தத் தொடரில் வரும் பையனும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறான். அம்மாவை 'ஒம்மா' என்கிறான். அப்படியென்றால் கொரியாக்காரர்களும் நாமும் சொந்தமா?"

சபாஷ்! தொடரைப் பார்த்தோமா, தூங்கப் போனோமா என்று இல்லாமல் காதைத் தீட்டி வைத்துக் கேட்டிருக்கிறாயே. அதுதான் கெட்டிக்காரத்தனம்.

நீயே யோசித்தால் இன்னும் சில சொற்கள் கிடைக்கும். நமக்கு எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன். நமக்குக் காசு, அவர்களுக்குக் கேஷ். எல்லாம் ஒரே மாதிரி காதில் விழுகின்றன, இல்லையா?

அவசரப்படாதே. இரண்டு மொழிகளில் இரண்டு சொற்கள் ஒத்துப்போவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்த சொந்தம். இரண்டு, ஒரு மொழி இன்னொன்றிடம் வாங்கிய கடன். மூன்று, கைக்குழந்தையின் வாய் செய்யும் வேலை. நான்கு, வெறும் தற்செயல்.

எந்தச் சொல்லுக்கு எந்தக் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மூக்கைப் பிடி, அம்மா சொல்!

முதலில் ஒரு சோதனை. ஒரு கண்ணாடி எடுத்துக்கொள். அதைப் பார்த்தபடி "அம்மா" என்று மெதுவாகச் சொல். உதடுகள் என்ன செய்கின்றன? ஒருமுறை மூடித் திறக்கின்றன. அவ்வளவுதான். "அப்பா" என்று சொல். இப்போதும் அதேதான். மூடின, திறந்தன.

இனி இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பார். என்ன கேட்கிறது? கிட்டத்தட்ட "அப்பா" என்று கேட்கிறதா? சளி பிடித்தவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

ஏன் அப்படி? உன் வாயின் மேல்பக்கம், உள்நாக்குக்கு அருகே, மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு மெல்லண்ணம் என்று பெயர். "ம்" சொல்லும்போது அது கீழே இறங்கி, காற்றை மூக்கு வழியாக விடும். "ப்" சொல்லும்போது மேலே ஏறி, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கும். உதட்டின் வேலை இரண்டுக்கும் ஒன்றே. நம் அரிச்சுவடியில் ப, ம இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

புரிந்ததா? சரி, இப்போது கைக்குழந்தையிடம் போவோம்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தை என்ன செய்யும்? மல்லாந்து படுத்துக்கொண்டு "பபபப", "மமமம" என்று ஓயாமல் பேசும். அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. வாயைத் திறந்து மூடிப் பழகுகிறது. ப, ம இரண்டுக்கும் உதட்டைச் சேர்த்தால் போதும். நாக்கை வளைக்கவோ மடக்கவோ வேண்டாம். "ழ" வருவதற்கு எத்தனை வருஷம் ஆகிறது என்று உன் தம்பி தங்கையிடம் கேட்டுப் பார்!

இந்தப் பேச்சு அம்மா அப்பாவின் காதில் விழுகிறது. "என்னைத்தான் கூப்பிடுகிறது!" என்று அம்மா பூரித்துப் போகிறாள். "இல்லை, என்னைத்தான்!" என்கிறார் அப்பா. இப்படி, குழந்தை சும்மா சொன்ன ஒலிக்குப் பொருள் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

இதை அழகாக விளக்கியவர் ரோமான் யாக்கப்சன் என்ற மொழியியல் அறிஞர். மாஸ்கோவில் பிறந்து, பிற்பாடு அமெரிக்காவில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1960-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மூடியிருக்கும். அப்போது மூக்கு வழியாக "ம்ம்" என்ற முனகல்தான் வெளிவரும். பிறகு பசித்தாலும் அம்மாவைத் தேடினாலும் அதே முனகல் வருகிறது என்றார் அவர். அதனால்தான் பல மொழிகளில் அம்மாவுக்கு "ம" கிடைத்திருக்கிறது.

சும்மா சொல்லிவிட முடியுமா? கணக்கு வேண்டாமா? ஜார்ஜ் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலகின் பல பகுதிகளிலிருந்து 1,072 சொற்களைத் திரட்டியிருந்தார். 531 சொற்கள் அம்மாவைக் குறிப்பவை. 541 சொற்கள் அப்பாவைக் குறிப்பவை. அம்மாச் சொற்களில் பாதிக்கு மேல் ம, ந போன்ற மூக்கொலிகள் இருந்தன. அப்பாச் சொற்களில் ப, த போன்ற ஒலிகள் மிகுந்திருந்தன.

நீயும் சரிபார்க்கலாம். சீனத்தில் அம்மா "மாமா", அப்பா "பாபா". ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் "மமா", "பாபா". ஸ்பெயினின் வடக்கே பேசும் பாஸ்க் மொழியில் அம்மா "அமா". இஸ்ரேலின் எபிரேயத்தில் "இமா", "அபா". தென் அமெரிக்க மலைகளில் பேசும் கெச்சுவா மொழியில் அம்மா "மாமா", அப்பா "தய்தா".

இத்தனை பேரும் நமக்குச் சொந்தக்காரர்கள் என்றா அர்த்தம்? இல்லை. இத்தனை ஊரிலும் குழந்தைகளுக்கு உதடு ஒரே மாதிரி இருக்கிறது என்று அர்த்தம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பொருள் கொடுப்பது பெரியவர்கள் என்று சொன்னேன் அல்லவா? சில இடங்களில் அவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஜார்ஜியா நாட்டில் "மாமா" என்றால் அப்பா! அம்மாவுக்கு "தெதா". ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பேசும் பிட்ஜன்ஜாரா மொழியிலும் "மாமா" என்றால் அப்பாதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? மங்களூர், உடுப்பிப் பக்கம் பேசும் துளு மொழியில் "அப்பெ" என்றால் அம்மா. "அம்மெ" என்றால் அப்பா. நம் வீட்டில் மாமா யார்? அம்மாவின் அண்ணனோ தம்பியோ. ஒரே ஒலிதான். சீனத்தில் அம்மா, ஜார்ஜியாவில் அப்பா, நமக்குத் தாய்மாமன்.

ஆகவே முதல் பாடம்: அம்மா, அப்பா, மாமா, தாத்தா போன்ற சொற்களை வைத்து மொழிகளின் உறவைச் சொல்லக் கூடாது. அவை குழந்தை வாயின் வேலை.

216-ஐ வைத்து ஒரு கணக்கு

இனி நான்காவது காரணத்துக்கு வருவோம். தற்செயல்.

தமிழில் உயிர்மெய் எழுத்துகள் எத்தனை? 216. நன்றாகச் சொன்னாய். ஓர் எழுத்தாலேயே ஆன சொற்கள் நம்மிடம் உண்டு. நீ, பூ, தீ, கை, வா, போ, மா. இப்படி 42 சொற்கள் இருப்பதாக நன்னூல் சொல்கிறது.

சீன மொழிக்குப் போவோம். குரலை ஏற்றி இறக்கிச் சொல்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த மொழியில் மொத்தம் சுமார் 400 அசைகள்தான். அதை வைத்துத்தான் எல்லாச் சொற்களையும் ஆக்கியிருக்கிறார்கள்.

நம் பக்கம் 216. அவர்கள் பக்கம் 400. இரண்டு மொழிக்காரர்களும் இந்தக் கொஞ்ச ஒலிகளுக்குப் பொருள் கொடுத்துக்கொண்டே போனால், எங்காவது ஓரிடத்தில் ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்துப்போகாதா? ஒத்துப்போயே தீரும்.

போயிருக்கிறது. சீனத்தில் "நீ" என்றால் நீதான்! "மா" என்று குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால் குதிரை. நம் பழந்தமிழிலும் "மா" என்பதற்குக் குதிரை என்ற பொருள் உண்டு.

அடடா, சொந்தம்தானோ? பொறு. பக்கத்துச் சொற்களைக் கேட்டுப் பார்ப்போம். சீனத்தில் நான் என்பதற்கு "வோ". அவன் என்பதற்கு "தா". ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு "யீ, அர், சான்". ஒன்றாவது ஒத்துவருகிறதா? இல்லை. அப்படியானால் நீயும் மாவும் தற்செயல்.

சொல் நீளமானால் என்ன ஆகும்? பெருக்கிப் பார். இரண்டு உயிர்மெய்களைச் சேர்த்தால் 216 பெருக்கல் 216, அதாவது 46,656 வகை. மூன்றைச் சேர்த்தால் 1,00,77,696. ஒரு கோடிக்கு மேல்! (எல்லாச் சேர்க்கையும் சொல்லாக இருக்காது. ஆனாலும் எவ்வளவு இடம் இருக்கிறது பார்.) ஒரு கோடி வகைகளில் இரண்டு மொழிக்காரர்கள் தற்செயலாக ஒரே சொல்லைத் தொடுவது அபூர்வம். 216 வகைகளில் தொடுவது சகஜம்.

அதனால்தான் குட்டிச் சொற்கள் நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன. உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன. தேடினால் இன்னும் எத்தனையோ கிடைக்கும். பாரசீக மொழியில் "பத்" என்றால் கெட்ட என்று பொருள். ஆங்கிலத்தில் "பேட்" என்றாலும் அதுதான். இரண்டும் தனித்தனியாகப் பிறந்த சொற்கள்.

ஆஸ்திரேலிய நாய்

தற்செயலுக்கு மொழியியலாளர்கள் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. நடந்த கதை.

1960-களில் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே, குயின்ஸ்லாந்தில், அம்பபாரம் என்ற பழங்குடி மொழியைத் தேடிப் போனார். அதைப் பேசத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்ட காலம். ஆல்பர்ட் பென்னெட் என்ற முதியவருக்கு அந்த மொழி நினைவில் இருந்தது. நாய்க்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்ற பேச்சு வந்தது. அவர் சொன்ன பதில்: "டொக்".

டிக்சனுக்கு எப்படி இருந்திருக்கும்! இத்தனை தூரம் வந்தும் ஆங்கிலச் சொல்தானா கிடைத்தது என்று தோன்றியிருக்காதா? ஆனால் அது ஆங்கிலச் சொல் இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. யிடின் மொழியில் நாய்க்குக் "குடகா". ஜிர்பல் மொழியில் "குடா". அம்பபாரம் மொழியில் காலப்போக்கில் சொல்லின் முன்பக்கம் தேய்ந்து, "கு" உதிர்ந்தது. கடைசி "ஆ"வும் போயிற்று. நடுவில் இருந்த "ட" என்பது "டொ" ஆனது. மிச்சம் இருந்தது "டொக்".

கவனித்தாயா? டிக்சன் எதை வைத்து உறுதி செய்தார்? அந்த ஒரு சொல்லை வைத்து இல்லை. அதன் பக்கத்து மொழிச் சொற்களையும் பழைய வடிவத்தையும் வைத்து. இதை மனதில் வைத்துக்கொள். இப்போது எட்டுக்கு வருவோம்.

எட்டின் வயிற்றில் இருக்கும் ண்

வானத்தில் இரண்டு பட்டங்கள் ஒட்டினாற்போல் பறக்கின்றன என்று வைத்துக்கொள். ஒரே வீட்டுப் பட்டங்கள் போலத் தெரியும். நூலைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி வா. ஒரு நூல் கீழத்தெரு மாடியில் முடிகிறது. மற்றது மேலத்தெரு மாடியில். நூல் கீழே வர வர விலகிக்கொண்டே போனால் அவை வேறு வேறு வீட்டுப் பட்டங்கள். சேர்ந்துகொண்டே வந்தால் ஒரே வீடு.

சொற்களையும் அப்படித்தான் பழைய காலத்துக்குப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

நம் எட்டை எடுத்துக்கொள். எட்டுப் பத்துகள் சேர்ந்தால் என்ன சொல்கிறோம்? எட்டுப்பது என்றா? இல்லை, எண்பது. எட்டு நூறு? எண்ணூறு. எட்டுச் சாண்? எண்சாண். எங்கிருந்து வந்தது இந்த "ண்"? அதுதான் எட்டின் பழைய உருவம். எண் என்ற அடியோடு "து" சேர்ந்து எட்டு ஆயிற்று. கன்னடத்தில் அந்த ஒலி இன்னும் அப்படியே இருக்கிறது: "எண்ட்டு". தெலுங்கில் "எனிமிதி". அதிலும் ஒரு மூக்கொலி கேட்கிறதா?

இனி ஆங்கில எய்ட். அதை எழுதும்போது நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்துகள் சும்மா உட்கார்ந்திருக்கும். உச்சரிப்பே கிடையாது. எத்தனை முறை எழுத்துப்பிழை போட்டிருப்பாய்! ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து வரும் ஒலி ஒன்று இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் அது "ஏயஹ்ட்டா" என்பது போல ஒலித்தது. ஒலி செத்துப்போயும் எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலத்தின் உறவு மொழியான இலத்தீனில் "ஒக்தோ". எட்டுக் கைகள் உள்ள ஆக்டோபஸ் தெரியுமல்லவா? கிரேக்க மொழியின் "ஒக்தோ"தான் அதன் பெயரில் இருக்கிறது. பழைய ரோமானியக் காலக்கணக்கில் எட்டாம் மாதம்தான் அக்டோபர். வடமொழியில் "அஷ்ட". அதிலிருந்து இந்தியின் "ஆட்".

இப்போது சொல். நம் சொல்லைப் பின்தொடர்ந்தால் "ண்" வருகிறது. ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர்ந்தால் "க்" வருகிறது. நூல் விலகிவிட்டது! எட்டும் எய்ட்டும் சொந்தம் இல்லை. காதுக்கு அவ்வளவாக ஒத்துவராத எய்ட்டும் ஒக்தோவும் அஷ்டவும்தான் நிஜமான உறவுக்காரர்கள்.

ஒன்று, ஒன் என்ற ஜோடியும் இப்படித்தான். ஆங்கில ஒன் பழங்காலத்தில் "ஆன்". முன்னால் கேட்கும் "வ" பிற்பாடு ஒட்டிக்கொண்டது. "ஒன்லி", "அலோன்" என்ற ஆங்கிலச் சொற்களிலும் அந்த ஒன்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் "வ" கேட்காது. சொல்லிப் பார், தெரியும்.

தேயிலைக்கு இரண்டு பெயர்

இதுவரை சரியா? களைப்பாக இருந்தால் ஒரு வாய் தேநீர் குடி. அடுத்த பாடமே அதில்தான் இருக்கிறது.

தேயிலை சீனாவிலிருந்து உலகம் முழுக்கப் போனது. அதன் பெயரும் கூடவே போனது. இதுதான் கடன். ஆனால் சீனர்கள் எல்லாரும் அதை ஒரே மாதிரி சொல்வதில்லை. பெரும்பாலான இடங்களில் "சா". கடலோர ஃபூஜியன் பகுதியில் "தே".

17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் "தே" என்று சொல்பவர்களிடமிருந்து தேயிலையை வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார்கள். அதனால் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாவற்றிலும் அது தே ஆனது. ஆங்கிலேயர்களும் முதலில் "டே" என்றே சொன்னார்கள். பிறகுதான் டீ ஆனது. தரைவழியாகப் போன இடங்களில் "சா" பரவியது. பாரசீகத்தில் சாய், இந்தியில் சாய், ரஷ்யாவில் சாய், துருக்கியிலும் சாய்.

நம் தேயிலையில் இருப்பது எது? தே! கேரளத்தின் சாயாவில் இருப்பது? சா! பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆனால் சொல் வந்து சேர்ந்த வழி வேறு.

கடன் வாங்கிய சொல்லுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது தனியாக வராது. ஒரு சரக்கோ, ஒரு வியாபாரியோ, ஒரு கப்பலோ கூட வரும். கட்டுமரம், சுருட்டு ஆகியவற்றின் பெயர்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதும் இப்படித்தான்.

அப்படியானால் காசும் கேஷும்? இது கொஞ்சம் சிக்கல். நன்றாகக் கேள். கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம் காசு இல்லை. இலத்தீனில் பெட்டிக்கு "கப்ஸா" என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டியில் இருக்கும் பணத்தையே குறிக்க ஆரம்பித்தது.

ஆனால் ஆங்கில அகராதியில் கேஷ் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. சீனாவிலும் மற்ற கீழை நாடுகளிலும் புழங்கிய சின்னச் செப்புக் காசுகளுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. அந்தச் சொல் நம் காசிலிருந்துதான், போர்த்துக்கீசியர் வழியாகப் போனது. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. வந்த வழி மட்டும் வேறு.

ஒழுங்காக மாறுவதுதான் உறவு

சரி, உண்மையான உறவு எப்படி இருக்கும்? அதையும் பார்த்துவிடுவோம்.

சில சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்கிறேன். மெதுவாக வாய்விட்டுப் படி.

பத்து – ஹத்து.
பால் – ஹாலு.
பல் – ஹல்லு.
பூ – ஹூ.

ஏதாவது கண்ணில் படுகிறதா? ஆமாம்! நாம் "ப" சொல்லும் இடத்தில் அவர்கள் "ஹ" சொல்கிறார்கள். ஒரு சொல்லில் இல்லை, வரிசையாக! பழைய கன்னடத்தில் இவை "ப" என்றே இருந்தன என்பதற்குக் கல்வெட்டும் நூலும் சாட்சி. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்கி வருகின்றன.

இன்னொரு வரிசை.

வாய் – பாயி.
வெள்ளி – பெள்ளி.
வெண்ணெய் – பெண்ணெ.

இங்கே நம் "வ" அவர்களுக்குப் "ப". ஆங்கிலத்துப் பி போல அழுத்தாமல் சொல்ல வேண்டும். பாம்பில் கடைசியில் வரும் "ப" மாதிரி.

தற்செயல் இப்படி வரிசையாக வருமா? வராது. இந்த ஒழுங்குதான் உறவின் அடையாளம். இரண்டு சொற்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மாதிரி மாறியிருக்க வேண்டும். இன்றைய பேச்சில் நீ மறக்கக் கூடாதது இது ஒன்றுதான்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலான மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816-இல் சென்னையில் இருந்த எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதினார். நெல்லைச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் அதைப் பெரிய இலக்கண நூலாகவே எழுதிவிட்டார்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை வெகுதூரத்தில் இருக்கிறது. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசும் பிராகூயி. அங்கே இரண்டு என்பதற்கு "இரட்". மூன்று என்பதற்கு "முசிட்". நாலிலிருந்து அக்கம்பக்கத்து மொழிகளின் எண்களைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்! ஒரே எண் வரிசையில் சொந்தமும் கடனும் பாதிவழியில் கைமாறுவதைப் பார்த்தாயா?

கொரியாவுக்குத் தீர்ப்பு

இப்போது நீயே தீர்ப்புச் சொல்லலாம். உடம்பின் உறுப்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பெயர்களை யாரும் எளிதில் கடன் வாங்குவதில்லை.

கன்னடத்தில்: கண் – கண்ணு. மூக்கு – மூகு. வாய் – பாயி. கை – கை.

கொரிய மொழியில்: கண் – நுன். மூக்கு – கோ. வாய் – இப். கை – சோன்.

என்ன சொல்கிறாய்? கன்னடம் சொந்தம். கொரியத்தில் அந்த ஒழுங்கு இல்லை. அப்பாவும் ஒம்மாவும் குழந்தை வாயின் வேலை.

இந்தச் சந்தேகம் உனக்கு மட்டும் வரவில்லை. கொரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்றுக்கொள்வதில்லை. ஒத்துப்போகும் சொற்கள் சில கிடைத்தன. ஒழுங்கு கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு புதிர்

உனக்கு நான்கு கன்னடச் சொற்கள் தருகிறேன். தமிழில் என்ன என்று கண்டுபிடி. ஹுலி, ஹொகெ, ஹோகு, பேரு. விடையைப் பார்க்காமல் முயற்சி செய்.

ஹுலி என்றால் புலி. ஹொகெ என்றால் புகை. ஹோகு என்றால் போ. மூன்றையும் சரியாகச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பேரு? "இது சுலபம் மாமா, பேர்தானே, பெயர்!" என்கிறாயா? அங்கேதான் உன்னை மடக்கினேன். வாய் எப்படிப் பாயி ஆனது, வெள்ளி எப்படிப் பெள்ளி ஆனது என்று நினைத்துப் பார். கன்னடப் பேரு நம் வேர். மரத்தின் வேர்! பெயருக்குக் கன்னடத்தில் "ஹெசரு" என்று சொல்வார்கள். அதில் "ஹ" ஏன் வந்தது என்று இனி நான் சொல்லவே வேண்டியதில்லை.

உன் தெருவிலோ வகுப்பிலோ தெலுங்கு, மலையாளம், கன்னடம், சௌராஷ்டிரம், உருது என்று வேறு மொழி பேசும் நண்பன் இருப்பான். அவனிடம் கண், மூக்கு, வாய், கை, ஒன்று முதல் பத்து வரை எண்கள் எல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுது. பக்கத்தில் தமிழையும் எழுது. பிறகு எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறுகிறது என்று பென்சிலால் கோடு போடு. கோடுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விழுந்தால், எந்த மொழி உன் மொழிக்குச் சொந்தம் என்பதை நீயே கண்டுபிடித்துவிட்டாய்!